படகில் எத்தனை பேர்

உங்களுக்கு முன்னால் 1846 பேர் இருக்கிறார்கள் என்று திரை சொல்கிறது. அதற்குக் கீழே முதுகில் பையோடு ஒரு சின்ன மனிதன் நடந்துகொண்டே இருக்கிறான், ஓர் அடியும் நகராமல். பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம், புதுப்பித்தால் உங்கள் இடம் போய்விடும். சரி, புதுப்பிக்கவில்லை, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருக்கிறேன், விரல் தன்பாட்டில் போய் எதையாவது அமத்திவிடும் என்ற பயத்தில். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டு மணி மூன்று நிமிடம், யன்னலுக்கு வெளியே வேலி பாதிவரை பனிக்குள் நிற்கிறது, நான் ஓகஸ்ட் மாதத்துக்காக வரிசையில் நிற்கிறேன். நாலு நாள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தேசியப் பூங்கா, மூன்று மலை ஏரி, பதினாலு அடிப் பாய்ப்படகு ஒன்று. ஏரிக்கரைகளில் கூடாரம் போட விடுகிற இடங்கள் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்களோ நாடு முழுக்க, அதனால் வருடத்தில் ஒரு காலை திறக்கிறார்கள், அன்றைக்கே எல்லாம் முடிந்துபோகும். என் முறை வந்தால் பத்து நிமிடம் தருவார்கள், அதற்குள் படிவத்தை நிரப்பிவிட வேண்டும். படிவம் எனக்குப் பாடம், போன வருடத்துப் படிவத்தை எடுத்து வைத்து ஒரு மாதமாகப் படித்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் எதையும் இப்படிப் படித்ததில்லை. படகின் நீளம், பாயின் நிறம், எந்த ஏரியில் எந்த இரவு, நாலாவது கேள்வி படகில் எத்தனை பேர். அந்த நாலாவது கேள்வியில்தான் ஒரு மாதமாக நிற்கிறேன், இந்தச் சின்ன மனிதனைப் போல, நடந்துகொண்டே, நகராமல். பதில் மாடியில் நித்திரை கொள்கிறது. அக்கா. நேற்று அவளுக்குப் பின்னேர வேலை, இன்றைக்கு ஓய்வு. அவள் இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவள், மூன்றாம் நம்பர், நாற்பது அடி வண்டியைப் பனியில் வழுக்காமல் திருப்பத் தெரிந்தவள். எங்கள் படகில் முதல்முதல் கால் வைத்த அன்றைக்கு, உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ, பின்னால இடமிருக்கு என்று வெறும் படகைப் பார்த்துக் கத்தினாள், கரையில் தூண்டில் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் என்னவோ ஏதோவென்று எழுந்து நின்றுவிட்டார்.

நேற்று அவளிடம் கேட்டேன். வாசலில் குந்தியிருந்து சப்பாத்தின் பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா, நாளைக்கு அனுமதி திறக்குது, வாறியா என்றேன். நிமிரவில்லை. மற்றச் சப்பாத்தையும் தட்டி, இரண்டையும் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு, பாப்பம் என்றாள். எங்கள் வீட்டில் இல்லை என்ற சொல் கிடையாது, அதற்குப் பதிலாகப் பாப்பம் இருக்கிறது, பார்ப்போம் என்பதைத் தேய்த்துத் தேய்த்துப் பாப்பம் ஆக்கி வைத்திருக்கிறோம். சைக்கிள் வேண்டுமென்று நான் கேட்டபோது அம்மா சொன்ன பாப்பம், அதற்கு அர்த்தம் சைக்கிள் கிடையாது. ஒன்ராறியோ பக்கம் லொறியோடு திரிகிற அப்பா கிறிஸ்மஸுக்கு வருவீர்களா என்றால் ஃபோனில் சொல்கிற பாப்பம், அதற்கு அர்த்தம் ஆசை இருக்கிறது, லீவு இல்லை. அக்காவே பாப்பம் பாப்பம் என்று சொல்லி மூன்று மாப்பிள்ளைகளைக் கோபப்படாமல் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஆனால் அதே பாப்பத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஒருமுறை தன் ஒரே ஓய்வு நாளில் நாலு மணித்தியாலம் கார் ஓட்டி இந்தப் படகைப் பார்க்க என்னோடு வந்தாள், வந்து, டயரை உதைத்துப் பார்ப்பதுபோல படகின் வயிற்றை ஒரு தட்டுத் தட்டி, எடுப்பம் என்றாள். எந்தப் பாப்பம் இது. குரலை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், ஒருதரம் ஞாபகப்படுத்தினால் சிரிப்பு இருந்த மாதிரி, இன்னொருதரம் களைப்பு மட்டும், மூன்றாம் தரம் எனக்கு என் குரலில்தான் கேட்கிறது. திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்காக ஓம், வாறன் என்பாள். அதுதான் பயம். பயந்துகொண்டே ஓம் என்று சொல்லி, பயந்துகொண்டே படகில் ஏறி, பின்னால இடமிருக்கு என்று பகிடியும் விட்டு, நாலு நாளும் பாயைப் பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டு வருவாள், நானும் அவள் கரையைப் பார்ப்பதைப் பார்க்காததுபோல வருவேன்.

1610. திட்டத்தில் பிழையில்லை. மேசையில் வரைபடம் விரித்திருக்கிறது, மூலைகளுக்குச் சீனிப் போத்தல், உப்புப் போத்தல், அம்மாவின் மருந்து டப்பா, ஒரு கோப்பை பாரம். ஏரிகளின் பெயர் அம்மாவின் வாய்க்குள் வராது என்பதால் நான் வைத்த பெயர் முதல் ஏரி, நடு ஏரி, கடைசி ஏரி. காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டும், அப்போது ஏரி கோப்பையில் ஊற்றிய பால்போல அசையாது, ஆறு மணிக்கு மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய ஊதல் ஒன்று கிளம்பும், அதில் பாயை விரித்துப் பதினொரு மணிவரைக்கும் ஓடலாம், அதற்குப் பிறகு ஓடக்கூடாது. மத்தியானம் மலை சூடாகி மேற்குக் கணவாயால் காற்று இறங்கும், இறங்குவது தெரியாது, தண்ணீரின் தோல் கறுத்துச் சுருங்கிக்கொண்டு வருவது மட்டும் தெரியும், அது தெரிந்தால் உங்களுக்கு அரை நிமிடம் இருக்கிறது. ஓகஸ்டிலும் அந்தத் தண்ணீர் பனி கரைந்த தண்ணீர்தான், விழுந்தால் பத்து நிமிடத்தில் விரல்கள் சொல்வழி கேளா. அதனால் பன்னிரண்டு மணிக்குப் படகு கரையில், நாங்கள் மர நிழலில், சோறும் மீன் டின்னும். எழுதிவைத்திருக்கிறேன். விசில் இரண்டு, லைஃப் ஜாக்கெட் இரண்டு, கோப்பை இரண்டு. இரண்டு என்று எழுதி, அழித்து, ஒன்று என்று எழுதி, அதையும் அழித்து, அந்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிகிறது. ஒன்று என்றால் தனியே போக வேண்டும். போகலாம். போவேனா. முன்னால் பாரம் இல்லாத படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும், அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சுக்கான் பிடிக்க வேண்டும்.

அந்த மேற்குக் காற்றுக்குப் பெயர் எனக்குத் தெரியும், அதுதானே வினை. அம்மாவும் அப்பாவும் இரண்டு வேலை செய்த காலத்தில் என்னை வளர்த்தது கீழ் அறையிலிருந்த அப்பப்பாவும் அவர் வாயிலிருந்த கதைகளும். இது நடந்தது, நடக்காட்டிலும் நடந்தது என்றுதான் தொடங்குவார். அவருடைய தகப்பன் பாய்க்கப்பலில் சமையல்காரர், அதனால் கதை எல்லாம் அடுப்படியிலிருந்துதான் கடலைப் பார்க்கும். காற்றுக்கு நாலு பெயர், வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, சோளகம் தெற்கு, கச்சான் மேற்கு. கச்சான் வரப்போகிறதென்றால் அடுப்புப் புகை கிழக்கே படுக்கும், மாலுமிக்கு முதல் சமையல்காரன்தான் காண்பான், கண்டதும் அகப்பையோடு ஓடிவந்து கச்சான், கச்சான் என்று கத்துவான். எனக்கு அப்போது ஐந்து வயது, எங்கள் எல்லாருக்கும் கச்சான் என்றால் வேர்க்கடலைதான், அம்மா வறுத்து டின்னில் போட்டு வைக்கிற கச்சான், ஆகவே நான் கண்ட கடலில் மேற்கிலிருந்து மலைமலையாய் வேர்க்கடலை வந்து மோதிக் கப்பல் சரிந்தது. பிறகு விளங்கிவிட்டது, ஆனாலும் இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் கோது உடைகிற சத்தம் கேட்டுப் பிறகுதான் காற்று வரும். அக்காவுக்கு அந்தக் கதைகள் இல்லை. அவள் ஒன்பது வயதுவரைக்கும் இலங்கையில், மாங்குளத்தில், கடல் தெரியாத காட்டுப்பக்கம். இங்கே வந்ததும் நான் பிறந்தேன், நான் கீழே கப்பலில் போய்க்கொண்டிருந்த பின்னேரங்களில் அவள் பள்ளிக்கூடம் விட்டு டோனட் கடையில் மேசை துடைத்தாள். அவளுக்குக் கச்சான் என்றால் கோயில் திருவிழாவில் மணலில் வறுத்துக் கடதாசிச் சுருளில் தருவது, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, வேறொன்று இருக்கிறதென்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

என்ன தம்பி, விடியக்காலமை கொம்பியூட்டருக்கு முன்னால தவமோ என்றுகொண்டு அம்மா வருகிறா, வேலைக்குப் போகிற குளிர்ச்சட்டையின் ஒரு கை மாட்டி மறுகை தொங்க. வரிசையில நிக்கிறன் அம்மா. வீட்டுக்குள்ள இருந்தோ. ஓம். எத்தனை பேர் முன்னுக்கு. ஆயிரத்து இருநூற்றிச் சொச்சம். அம்மா குனிந்து அந்தச் சின்ன மனிதனைப் பார்க்கிறா. ஊரில சங்கக்கடையில பாண் வாங்க வரிசையில நிண்ட மாதிரிக் கிடக்கு, அங்கயாவது முன்னால நிக்கிறவையின்ர முதுகு தெரியும். பிறகு வரைபடத்தைப் பார்க்கிறா, மருந்து டப்பாவை எடுத்து ஒரு குளிசை விழுங்கிவிட்டு, அதே மூலையில் கவனமாகத் திரும்ப வைக்கிறா. கரையோட சுத்திப் பாத்திட்டு வாங்கோவன், ஏரிக்கு நடுவில அப்பிடி என்ன கிடக்கு. நடுவில ஒண்டுமில்லை அம்மா, அதுக்குத்தான். விசர்க் கதை. அக்கா வாறாளோ. பாப்பம் என்கிறேன், என் வாயிலும் அதே சொல், தேய்ந்து வழுவழுப்பாய், வெளியே வந்தபிறகுதான் கேட்கிறது. அவள் வந்தா நல்லம், நீங்கள் ரெண்டுபேரும் ஒருத்தருக்கொருத்தர் நிண்டா எனக்குப் பயமில்லை, சத்தமாக் கதையுங்கோ என்ன, நீ கதைச்சாச் சுவருக்கும் கேக்காது. கதவு. அம்மா போய்விட்டா, குளிர் ஒரு கைபோல வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஒருத்தருக்கொருத்தர். அம்மாவுக்குத் தெரியாது. போன ஓகஸ்டில் நனைந்த உடுப்போடு வந்து நின்றபோது ஃபோன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது, எடுக்கக் குதிச்சனாங்கள் என்று சொன்னோம், அக்கா சொன்னாள், நான் தலையாட்டினேன், அம்மா அரிசிக்குள்ள போட்டு வையுங்கோ என்றா.

கோப்பையைப் பார்க்கிறேன். வரைபடத்தின் நாலாவது மூலைக்குப் பாரம் அந்தக் கோப்பைதான், உள்ளே ஒரு விரல் நீளப் பனிக்கட்டி இருந்தது, இப்போது விரல் நுனியளவு. இன்று காலை ஐந்து மணிக்கு நித்திரை வராமல் கராஜுக்குப் போய்ப் படகின் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினேன். படிவத்தின் பதினோராம் கேள்விக்காக. வேறு ஏரியின் தண்ணீர் ஏதும் உங்கள் படகில் தங்கியிருக்கிறதா, ஆம், இல்லை. ஒரு ஏரியின் தண்ணீர் ஒரு துளிகூட இன்னொரு ஏரிக்குப் போகக்கூடாதாம், அந்தத் துளிக்குள் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் இருக்கும், அவை புது ஏரியைக் குடித்து முடித்துவிடும், அதனால் பூங்கா வாசலில் படகின் ஒவ்வொரு இடுக்கிலும் விரல் விட்டுப் பார்ப்பார்கள். துடைத்திருந்தேன், போன வருடமே அப்பா கட்டின பழைய சாரம் ஒன்றைக் கிழித்துத் துடைத்துத்தான் வைத்தேன். ஆனால் படகைச் சரியாமல் பிடிக்க நடுவால் தண்ணீருக்குள் இறக்குகிற நடுப்பலகையின் கூட்டைத் தட்டியபோது உள்ளே கிலுங் என்றது. வளைந்த கம்பி ஒன்றால் நெம்ப, கட்டி விழுந்தது. ஏழு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது அந்த ஏரி, இலையுதிர்காலம் முழுக்கத் தண்ணீராய், பிறகு உறைந்து, நான் பெட்டி அடுக்க, காரெடுக்க, பக்கத்தில் போய்வரப் போய்வர, சத்தம் போடாமல். எறிய மனம் வரவில்லை. கோப்பையில் போட்டு உள்ளே கொண்டுவந்தேன். அக்கா அதற்குள் இருந்தவள். அந்தத் தண்ணீருக்குள். இந்தத் தண்ணீர்தானோ என்னவோ.

690. விரைவாகக் குறைகிறது, ஆட்கள் களைத்துப்போய் விட்டுவிட்டுப் போகிறார்கள் போலும், நானும் போய்விடலாம், ஒரு விரல் போதும். அன்றைக்கு மணி பன்னிரண்டரை, கரைக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம், திட்டம் அன்றைக்கும் இருந்தது. அக்கா முன்னால், காற்றுப் போகிற பக்கத்து ஓரத்தில், காலை நீட்டிக்கொண்டு யாரோ பயணி பஸ்ஸுக்குள் கோழி கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுக்கானில். கணவாய்ப் பக்கம் தண்ணீர் கறுத்தது. ஏறி உட்கார், இந்தப் பக்கம் வா, காத்து வருது, எத்தனை சொல் இருந்தது, எல்லாம் இருக்க என் வாயில் வந்தது அகப்பையோடு ஓடிவந்த அந்தச் சமையல்காரன்தான். கச்சான் என்றேன். கத்தினேன் என்று நினைத்தேன், ஆனால் எனக்குக் கத்த வராது, என் குரல் தொண்டையைத் தாண்டும்போதே மரியாதையாகிவிடும். அக்கா, கச்சான். அவள் கதையை நிறுத்தாமல், அந்தா கிடக்கு, பொறு எடுத்துத் தாறன் என்று இன்னும் அந்தப் பக்கமே குனிந்து பையைத் திறந்து கச்சான் பைக்கற்றை எடுத்தாள். எடுத்து நீட்டினாள். அந்தக் கை எனக்கு நீண்டபடியே இருக்கக் காற்று வந்து அடித்தது. அவள் சரிந்தாள், படகு சரிந்தது, பாய் அவளுக்கு மேலே வந்து தண்ணீரில் ஒட்டிப் படுத்தது. மஞ்சள் பாய். அதற்குக் கீழே ஒரு மேடு, அவளுடைய லைஃப் ஜாக்கெட் அவளைத் தூக்கித் தூக்கிப் பாயோடு அமத்துகிறது, மேலே வரவைக்கிற சாமான் வெளியே வரவிடாமல் பிடித்து வைக்கிறது. நானும் தண்ணீருக்குள், நடுப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. கரைக்கு வந்தபிறகு கச்சான் என்றால் காற்று என்று சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பில் பெற்றோல் செட் ஒன்றில் காரை நிற்பாட்ட வேண்டி வந்தது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அதற்குப் பிறகு அது எங்கள் பகிடியாகிவிட்டது, பகிடி பெரிதாகப் பெரிதாக அதற்குக் கீழே இருந்தது தெரியாமல் போயிற்று. அதற்குக் கீழே இருந்தது நான் போகவில்லை என்பது. இரண்டு முழம் தூரம். நீந்தத் தெரியும். கை விட்டால் போதும், கை விடவில்லை. எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நின்றேன், பதினொன்று எண்ணியபோது பாயின் விளிம்பில் அவள் தலை வந்தது, இருமி, மூக்கைத் துடைத்து, டேய் கச்சான் நனைஞ்சு போச்சு என்றாள். பதினொரு வினாடி எவ்வளவு நீளம் என்று அதற்குப் பிறகு அளந்து பார்த்திருக்கிறேன். மைக்ரோவேவில் பதினொன்று வைத்தால் தேத்தண்ணி இளஞ்சூடுகூட ஆகாது. அவளுடைய பஸ் ஒரு தரிப்பில் கதவு திறந்து மூடப் பதினொன்று. தலையைத் தலையணைக்குள் புதைத்து மூச்சைப் பிடித்தேன், பதினொன்று ஒன்றுமில்லை, சுகமாகப் பிடிக்கலாம், ஆனால் அதில் எந்தப் பக்கம் வெளியே என்று எனக்குத் தெரியும். இரண்டு என்று எழுதி அவளை அதே படகில் ஏற்றி, அந்தச் சுக்கானை நானே பிடிக்கப் போகிறேன், அவளோ தன் தம்பி கைவிடாத ஆள் என்று நினைத்துக்கொண்டு முன்னால் காலை நீட்டிக்கொண்டிருப்பாள். கைவிடாத ஆள்தான். பலகையைக் கைவிடவில்லை. வேறு ஏரியின் தண்ணீர் ஏதும் உங்கள் படகில் தங்கியிருக்கிறதா. ஆம். ஆம் என்று போட்டால் விடமாட்டார்கள். இல்லை என்று போட்டால் விடுவார்கள், விரல் விட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் அகப்படாது.

38. மாடிப்படி கிறீச்சிடுகிறது, நாலாவது படி, அது அக்காவுக்கு மட்டும்தான் கிறீச்சிடும், மற்றவர்கள் அதைத் தாண்டி வைப்பார்கள். தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டு, அப்பாவின் பழைய கம்பளிக் காலுறையோடு. குசினிக்குள் கேத்தில் உறுமுகிறது. 12. எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம் கதிரைக்குக் கேட்கும். 3. சின்ன மனிதன் நின்றுவிட்டான், திரை வெள்ளையாகிறது, ஒரு கணம் எல்லாம் போய்விட்டதென்று நினைக்கிறேன், பிறகு படிவம், மேல் மூலையில் பத்து நிமிடம், ஒன்பது ஐம்பத்தொன்பது, ஒன்பது ஐம்பத்தெட்டு. நீளம், பதினாலு. பாய், மஞ்சள். முதல் ஏரி வியாழன், கிடைத்தது, நடு ஏரி வெள்ளி, இல்லை, நிரம்பிவிட்டது, சனி, கிடைத்தது, கடைசி ஏரி வெள்ளி, அதுவும் கிடைத்தது. ஓர் எழுத்தும் பிழைக்கவில்லை. படகில் எத்தனை பேர். கோடு மினுங்கி மினுங்கி நிற்கிறது. அக்கா இரண்டு தேத்தண்ணியோடு வந்து பக்கத்துக் கதிரையில் ஒரு காலை மடித்துப் போட்டு இருக்கிறாள், திரையைப் பார்க்கிறாள். ஏழு நிமிடம்.

"அக்கா."

"ம்."

"அண்டைக்கு நான் உன்னட்ட வரேல்ல."

அவள் தேத்தண்ணியை ஊதினாள்.

"பாய்க்குக் கீழ நீ நிக்கேக்க. வரலாம், கிட்டத்தான். பலகையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீயாத்தான் வெளிய வந்தனீ. பதினொரு செக்கன் நான் சும்மா நிண்டனான்."

சொல்லிவிட்டேன். குரல் எப்போதும்போலத்தான் வந்தது, மெல்ல, உப்பை எடு என்று கேட்கிற மாதிரி. திரையில் ஆறு ஐம்பது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பதினொண்டில்லை, பத்து."

"என்ன?"

"எட்டை விட்டிட்டாய். ஏழுக்குப் பிறகு ஒன்பது எண்டனீ. எனக்கு உள்ளுக்க இருந்து சிரிப்பு, மூக்குக்குள்ள தண்ணி ஏறினது அதாலதான்."

"உனக்குக் கேட்டதோ?"

"கேட்டதோவோ? பாயும் பாயைச் சுத்தி மஞ்சள் வெளிச்சமும், எந்தப் பக்கம் கையை வைச்சாலும் சீலை. எது வெளிய எண்டே தெரியேல்ல. நீ அங்க நிண்டு ஒண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டிருக்கிறாய். உனக்கு அவ்வளவு சத்தம் இருக்கெண்டு அண்டைக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்தைப் பாத்துத்தான் வந்தன்."

திரையில் ஐந்து முப்பது.

"ஆனாக் கோவம் இருந்தது," என்றாள் அக்கா, திரையைப் பார்த்துக்கொண்டே. "பொய் சொல்லமாட்டன். நீ வரேல்லையெண்டு தெரியும். பாய்க்குக் கீழால உன்ர ரெண்டு காலும் தெரிஞ்சது, பலகையோட ஒட்டினபடி, அசையேல்ல. அண்டைக்குச் சிரிச்சன், பிறகு பத்து நாள் உன்னோட நான் ஒழுங்காக் கதைக்கேல்ல. கவனிச்சனியே?"

"ஷிப்ட் மாறினதெண்டு நினைச்சன்."

"ஷிப்ட்! மடையா." என் தலையில் ஒரு குட்டு, உண்மையான குட்டு, நோகிற குட்டு. "பிறகு யோசிச்சன், வந்திருந்தா நீயும் கயித்துக்குள்ள சிக்குப்பட்டிருப்பாய், ரெண்டு பேருக்கும் ஆர் எண்ணுறது? ஆனா அது யோசிச்சு வந்தது. கோவம் தானா வந்தது. நீ ஒருநாள் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கச்சான் பகிடி மட்டும் விடுறாய், மற்றதைச் சொல்லுறாயில்லை. அதுதான் நேற்று நீ வாறியா எண்டு கேக்கப் பாப்பம் எண்டனான். சொல்லுறியோ எண்டு பாப்பம் எண்டு."

நாலு நிமிடம். அவள் தேத்தண்ணிக்குக் கை நீட்டி, மாறி வரைபடத்து மூலையிலிருந்த கோப்பையை எடுத்துவிட்டாள். உள்ளே பார்த்தாள். கட்டி முழுக்கக் கரைந்திருந்தது, அடியில் மணல்போல இரண்டு துகள்.

"இதென்ன தண்ணி?"

"போன வருசத்து ஏரி. பலகைக் கூட்டுக்குள்ள கிடந்தது."

"ஏரியோ!" மணந்து பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது, அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள்ளும் அது அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு கையை எட்டி, யன்னல் ஓரத்துக் கருவேப்பிலைச் சட்டியில் ஊற்றினாள். மண் சத்தமில்லாமல் குடித்தது. "அதுக்கும் தாகம்தானே. அடிச்சுப் போடு, நேரம் போகுது."

பதினோராம் கேள்வி, இல்லை. நாலாம் கேள்வி, 2. உடனே கீழே ஒரு பெட்டி திறக்கிறது, இரண்டாவது ஆளின் முழுப்பெயர். சிவகௌரி என்று ஆங்கிலத்தில் அடிக்கிறேன், ஒவ்வொரு எழுத்தாக. இந்தப் பெயரை நான் வாழ்நாளில் ஒருதரமாவது சத்தமாகச் சொல்லியிருப்பேனா தெரியவில்லை, அவள் எனக்கு எப்போதும் அக்கா, அவ்வளவுதான், பெயரில்லாத ஆள்போல. இரண்டு நிமிடம் பத்து.

"முன்னுக்கு இருக்கப் பயமில்லையோ?" என்று கேட்கிறேன்.

"பயம்தான். ஏன் இல்லாமல்? முதல் வருசம் பனியில பஸ் எடுக்கேக்க இருந்த பயம். எடுத்தனான்தானே." தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தாள். "ஆனா ஒண்டு. காத்து வந்தாக் கச்சான், சோளகம், சுண்டல் எண்டு ஒண்டும் சொல்லக்கூடாது."

"பின்ன என்ன சொல்லுறது?"

"அக்கா எண்டு கத்து. அண்டைக்கு எண்ணின அந்தச் சத்தத்தில. மிச்சத்தை நான் பாப்பன்."

பாப்பம் இல்லை. பாப்பன்.

"இப்ப ஒருக்காக் கத்து பாப்பம்," என்றாள்.

நாற்பது வினாடி இருந்தது. அனுப்பு என்ற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கு, பனி மூடிய தெருவின் நடுவீட்டில், நான் கத்தினேன்.